ஆதி மட்டம்

கோந்து என்று அவளுக்குப் பெயர் வைத்தது சட்டத்துறையின் வரைவுப் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருத்தச் சீட்டுகளை வெட்டி மசோதாவின் ஓரத்தில் ஒட்டுவது அவள் வேலையாக இருந்தது. கணினி வந்தது, பசைப் புட்டி போனது, பெயர் மட்டும் போகவில்லை. இப்போது மசோதா எழுதுகிற இடத்துக்கு உயர்ந்துவிட்டாள், ஆனாலும் கடைநிலை ஊழியர் வரைக்கும் அவள் கோந்து அக்காதான். எதையாவது பிடித்தால் விடமாட்டாள் என்பது இன்னொரு காரணம். பதினொரு வருடமாக அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆளை. அவளுடைய அத்தானை.

அக்கா புருஷனுக்கு ஊரில் மேடு என்று பெயர். எங்கே பள்ளம் தெரிந்தாலும் அங்கே லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கட்டடம் எழுப்பிக் காசாக்குகிற மனிதர். முதுகுக்குப் பின்னால்தான் மேடு. முகத்துக்கு நேரே தலைவர். ஆறு கடலில் விழுகிற கழிமுகத்தில் அலையாத்தி மரங்களை வெட்டிச் சாய்த்துச் சதுப்பை நிரப்பி, கண்ணாடி வைத்த ஓட்டல் ஒன்றைக் கட்டினார். மாடியில் தனக்கொரு வீடும் கட்டிக்கொண்டார். பிறகு தேர்தலில் நின்றார், ஜெயித்தார். அந்த மாதிரி ஆட்கள் தோற்றதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அவளுடைய கணவன் மதகுக்காரன். ஊர் வாய்க்கால் சதுப்பில் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு மதகு. கடல் ஏறும்போது இரும்பு ஷட்டரை இறக்கி மூட வேண்டும், கடல் வடியும்போது சக்கரத்தைச் சுற்றி ஷட்டரைத் தூக்கி மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். தூக்கிய ஷட்டர் நழுவி விழாமல் இருக்கச் சக்கரத்தைச் சைக்கிள் டியூபால் கட்டி வைப்பான். அரசாங்கம் கொடுத்த சங்கிலி இருந்தது. அது சத்தம் போடுகிறது, தூக்கம் கெடுகிறது என்பான்.

தூக்கம்தான் அவனுடைய ஒரே கெட்ட பழக்கம். பேருந்தில் நின்றுகொண்டே தூங்குவான். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டவன். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், அவளும் சிரித்திருக்கிறாள். பின்னால் அந்தச் சிரிப்பே தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொள்ளும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

புயல் மழை கொட்டிய ஒரு சாயங்காலம், "கடல் வடியற நேரம், திறந்துவிட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையில்லாமல் போனான். திரும்பி வரவில்லை. வாய்க்கால் உடைந்து தெருவுக்குள் புகுந்தது. மதகுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகை அப்படியே சரிந்தது. மறுநாள் அதற்குள்ளிருந்து அவனை எடுத்தார்கள். அந்தத் தெருவில் இன்னும் சிலரும், பிள்ளைகள்கூட, வெள்ளத்தில் போனார்கள்.

அது மட்டும் என்றால் அவள் கடலைத் திட்டிவிட்டு விட்டிருப்பாள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படி விடுவது? சாவு விழுந்த வீட்டில் அத்தான்தான் முன்னால் நின்று எல்லாக் காரியமும் பார்த்தார். அந்த வாரமே, உடைப்பை அடைக்கிறேன் என்று நல்ல பிள்ளையாக லாரிகளை அனுப்பி, தண்ணீரில் முங்கிக் கிடந்த மதகையும் சேர்த்து மண்ணைப் போட்டு மூடினார். அந்த இடமும் அவருடைய ஓட்டல் நிலத்தோடு சேர்ந்துபோனது. விசாரணை அதிகாரி வந்தபோது பார்ப்பதற்கு மதகே இல்லை. அத்தான் சாட்சி சொன்னார்: மதகு மூடிக் கிடந்தது, மதகுக்காரன் தூங்கிவிட்டான், பாவம். மாடி ஜன்னலிலிருந்து மதகு தெரியும் அல்லவா, அக்காவையும் கேட்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், மூடித்தான் இருந்தது என்றாள். தண்ணீர் போக வழியில்லாமல் சதுப்பை அடைத்த மண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல்ல வசதி, பழி போட ஒரு பிணம் கிடைத்துவிட்டது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்.

அன்றிலிருந்து தெருவில் அவள் தூங்குமூஞ்சி பெண்டாட்டி. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை. அத்தனையையும் அத்தான் கணக்கிலேயே சேர்த்தாள்.

கடல் வருடா வருடம் மேலே வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் புயலுக்கு மட்டும் வந்த தண்ணீர், இப்போது வெயில் அடிக்கிற நாளிலும் ஓதம் ஏறும்போது சாக்கடை வழியே எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்குச் சுரணை வந்தது. கழிமுகங்களையும் கடலோரத்தையும் காக்க ஒரு மசோதா. நிரப்பிய சதுப்புகளைத் திரும்ப எடுத்துத் தண்ணீருக்கே விடுவது, அலையாத்தி மரங்களை மறுபடி வளர்ப்பது, ஏறி வருகிற கடலுக்கு நிற்க இடம் கொடுப்பது. எழுதுகிற பொறுப்பு கோந்துவிடம் வந்தது. மசோதாவை ஆராயும் குழுவுக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார் அத்தான். ஓநாயைக் கூப்பிட்டு ஆட்டுப்பட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி.

வரைவுப் பிரிவுக்கு ஒரு முறை உண்டு. எழுதுகிறவர் தானாக ஒரு வரியைச் சேர்க்க முடியாது. குழு உறுப்பினர் வாயால் கேட்க வேண்டும், எழுதுகிறவர் அதைச் சட்ட மொழியில் எழுதி, கேட்டவருக்கே வாசித்துக் காட்டி, அதனால் என்ன ஆகும் என்றும் விளக்க வேண்டும். பிறகு அது கேட்டவரின் பெயரில் அச்சாகும். ஆகவே மனதில் எவ்வளவு வஞ்சம் இருந்தாலும் அவள் வாயை மூடிக்கொண்டு குழு அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கத்தான் முடியும். உட்கார்ந்திருந்தாள்.

அவள் முதலில் எழுதிய வடிவம் சாது. நிரப்பிய நிலத்தில் உள்ள கட்டடத்தை எடுக்க வேண்டும், இழப்பீடு உண்டு, மண் கிடந்தபடியே கிடக்கலாம். இயற்கையாகவே மேடான நிலத்துக்குச் சட்டம் பொருந்தாது. அத்தானிடம், அவருடைய இடம் இயற்கை மேடு என்று வருவாய்த்துறை கொடுத்த சான்றிதழ் இருந்தது. எப்படி வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் அதை இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது உண்மையாகிவிட்டது. தன் ஓட்டல் வாசலில் நின்று, "இது ஆதிகாலத்து மேடு" என்று விருந்தாளிகளுக்குப் பெருமையடிப்பதை அவளே கேட்டிருக்கிறாள்.

குழு கூடி சில வாரம் ஆன பிறகு, மதியச் சாப்பாடு முடிந்து உறுப்பினர்கள் கண் செருகிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தான் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாம்மா, உக்காரு. நீ நம்ம வீட்டுப் பொண்ணு, உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு. அந்த இறால்காரன் இருக்கானே, ஆத்துக்கு அந்தப் பக்கம்."

இறால் பண்ணைக்காரர் கடந்த தேர்தலில் அத்தானுக்கு எதிராக நின்றவர். அவரும் சதுப்பை நிரப்பித்தான் பண்ணை கட்டியிருந்தார்.

"இருக்கார், அத்தான்."

"அவனும் இயற்கை மேடுன்னு ஒரு பேப்பர் வாங்கி வச்சிட்டு ஆட்டம் காட்டுவான். பேப்பரையெல்லாம் நம்பக் கூடாதுன்னு எழுது. மண்ணைத் துளை போட்டுப் பாக்கணும். கீழ சேறு இருந்தா, நிரப்பின நிலம்தான். பொய் சொன்னவனுக்கு ஒரு பைசா இழப்பீடு கிடையாது."

அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"கட்டடத்தை மட்டும் எடுத்தா போதுமா, அத்தான்? மண்ணு?"

"மண்ணையும் எடுக்கணும். வேரோட எடுக்கணும். பழையபடி சேறு தெரியற வரைக்கும், அவன் காசுலயே. அவன் பக்கத்துல நின்னு பாக்கணும், அதையும் எழுது. வயிறு எரியட்டும்."

"கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்குவார்."

"வழக்கு நடக்கட்டும், தோண்டறது நிக்கக் கூடாது. எழுதிடு."

எழுதினாள். மறுநாள் கொண்டுபோய், முறைப்படி, ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். 'ஆதி மட்டம் வரை அகற்ற வேண்டும்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். அத்தான் செல்போனில் யாருடைய கல்யாணப் படத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எல்லாருக்கும் பொருந்தும், அத்தான். இன்னார்னு இல்ல. அந்த ஊர்ல குடியிருக்கிற யார் வேணும்னாலும் யார் நிலத்து மேல வேணும்னாலும் புகார் குடுக்கலாம்."

"சட்டம்னா எல்லாருக்கும்தானே," என்று சிரித்தார். "என்மேல எவன் குடுப்பான்?"

தனக்கு மேல் ஆளே இல்லை என்று பழகிப்போனவர்களுக்கு மட்டுமே வருகிற தப்பு அது. சட்டம் என்பது அடுத்தவனுக்கு எழுதுவது. அவள் விளக்க வேண்டியதை விளக்கிவிட்டாள். பக்கத்தில் சுருக்கெழுத்தாளர் இருந்தார், விளக்கியது பதிவானது. இதற்கு மேல் கெஞ்சிக் கையைப் பிடித்துத் தடுக்க அவளுக்கென்ன தலையெழுத்தா?

துணைச் செயலர் அந்தத் திருத்தத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அவள் கதை தெரியும். பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

"இது யார் கேட்டது?"

"தலைவரே கேட்டது, சார்."

"வாசிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன். விளக்கவும் செஞ்சேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நல்ல திருத்தம், கடலுக்கும் நல்லது" என்று கையெழுத்துப் போட்டார். மேசைமேல் இருந்த மிட்டாய் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவர் அப்படி யாருக்கும் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

மசோதா சட்டமானது. மேசையைத் தட்டியவர்களில் அத்தானுடைய கைதான் பலமாகத் தட்டியது. முதலில் இறால் பண்ணையில் துளை போட்டார்கள், சேறு வந்தது. அத்தான் ஆற்றுக்கு இந்தக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். இறால்காரர் அந்தக் கரையில் இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்கும் கண் இருந்தது, எதிரே பளபளக்கிற ஓட்டல் அதற்குத் தெரிந்தது. அன்றைக்கே புகார் கொடுத்தார். கோந்து ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியிருக்கவில்லை.

ஓட்டல் தோட்டத்தில் துளைக் குழாயை இறக்கினார்கள். மேலே செம்மண், அதற்குக் கீழே உடைந்த செங்கல், அதற்கும் கீழே அலையாத்தி வேரோடு கறுப்புச் சேறு. அத்தான் மந்திரியைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், தன் சான்றிதழ்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். எங்கே போனாலும் அவர் பெயரிலேயே அச்சான திருத்தத்தை எடுத்து அவரிடமே காட்டினார்கள். அந்தச் செய்தி ஒவ்வொன்றாக வரைவுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அலுவலகத் தேநீர் ருசியாக இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை.

ஓட்டலை இடித்து மண்ணை அள்ள ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கோந்து துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அக்காவாகவே உட்கார்ந்தாள்.

"கட்டடம் போயிடுச்சு. போகட்டும். மதகுப் பக்கம் மட்டும் தோண்ட வேணாம்னு சொல்லுடி."

"நான் யாரு சொல்ல? சட்டம் சொல்லுது."

"உனக்காகத்தான் சொல்றேன்." அக்கா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "தோண்டி, மூடியிருந்துச்சுன்னா? உன் புருஷன் எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தூங்கினவரு. இப்ப ஊருக்கு ஒரு சந்தேகமாவது மிச்சம் இருக்கு. அதுவும் போயிடும்."

இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது. துணி கருகுகிற வாடை வந்த பிறகுதான் அவள் அதைத் தூக்கினாள்.

"நீதான் ஜன்னல்லேர்ந்து பாத்தியே. மூடியிருந்துச்சுன்னு சொன்னியே."

அக்கா முந்தானையை விட்டாள். "மழையில என்னடி தெரியும்? ஒண்ணும் தெரியல. அவர் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவர் வீட்டுல சாப்பிடறவ நான்."

"போக்கா" என்றாள் கோந்து.

அக்கா போன பிறகு அவள் கருகிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொய் சொன்னேன் என்று அக்காவே ஒப்புக்கொண்டாயிற்று, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பொய் சொன்னவர்களுக்கும் உண்மை தெரியாது என்பது இப்போதுதான் உறைத்தது. அத்தானும் பார்க்கவில்லை, அக்காவும் பார்க்கவில்லை. பார்த்தவன் ஒருத்தன்தான், அவன் தூங்குமூஞ்சி. அன்றைக்கு மழையில் நனைந்து, கொட்டகைக்குள் ஒதுங்கி, கொஞ்சம் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தால்? அவன் செய்யக்கூடியவன்தான். இத்தனை வருடம் அவள் நம்பியது அவனையா, தன் கோபத்தையா என்று அவளுக்கே தெரியவில்லை. தோண்டாதே என்று தடுக்க இப்போது அவளாலும் முடியாது. அத்தானுக்குப் பின்னிய வலையில் அவள் புருஷனும் அல்லவா கிடந்தான்.

மதகைத் தோண்டுகிற அன்று விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். தெரு முழுக்கக் கயிற்றுக்கு வெளியே நின்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் நின்றார்கள், அவளுக்குக் கொஞ்சம் தள்ளி. சட்டப்படி நிலத்துக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதால் அத்தான் உள்ளே, குழியின் விளிம்பில், குடைக்குக் கீழே நின்றார். அக்கா அவர் பின்னால். மண்வாரி இயந்திரம் செம்மண்ணைத் தாண்டிச் செங்கல்லுக்குப் போனது. பிறகு தோண்டுவதை மேற்பார்வை பார்த்த பொறியாளர் அம்மா கையைக் காட்டி அதை நிறுத்தி, ஆட்களை மண்வெட்டியோடு இறக்கினார்.

முதலில் தெரிந்தது மதகின் மேல்சுவர். அப்புறம் ஒரு வளைந்த இரும்பு. கோந்து கயிற்றை இறுகப் பிடித்தாள். 'எப்படி இருந்தாலும் நீங்க என் புருஷன்தான்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அதிலும் கோபம்தான் இருந்தது.

சேற்றை வழித்துவிட்டு எட்டிப் பார்த்த பொறியாளர் அம்மா, குனிந்தவாக்கிலேயே குரல் கொடுத்தார். "ஷட்டர் மேல இருக்கு. முழுசா தூக்கியிருக்கு. ஏதோ ரப்பர் மாதிரி சக்கரத்துல சுத்தியிருக்கு."

கோந்து கயிற்றுக்குக் கீழே நுழைந்தாள். தடுக்க வந்த காவலர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். சேற்றில் செருப்புச் சிக்கிக்கொண்டது, விட்டுவிட்டுப் போனாள். சக்கரத்திலும் தூணிலும் மாற்றி மாற்றிச் சுற்றி, நுனியைச் செருகி, அப்படியே இருந்தது சைக்கிள் டியூப். அவன் திறந்திருக்கிறான். திறந்து, கட்டி, தண்ணீர் போகிறதா என்று பக்கத்திலேயே நின்றிருக்கிறான். தண்ணீர் போக அத்தான் இடம் வைக்கவில்லை.

அவள் அழவில்லை. விளிம்பில் நின்ற மனிதரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தான், பாத்தீங்களா?"

"ம்."

"திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"அதான் எல்லாரும் பாக்கறாங்களே."

"அன்னிக்கும் எல்லாரும் இருந்தாங்க. நீங்கதான் வாயால சொன்னீங்க. இப்பவும் வாயால சொல்லுங்க."

அத்தான் சுற்றிலும் பார்த்தார். குடை பிடித்திருந்தவன் மெல்ல ஒரு அடி பின்னால் போனான்.

"திறந்திருக்கு."

"அவங்களுக்குக் கேக்கல."

"திறந்துதான் இருக்கு" என்றார், இந்த முறை தெருவுக்கே கேட்டது. அந்தக் குரல் உடைந்ததை அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். கேட்கக்கூட இல்லை.

"நான் எதையும் பாக்கல" என்றாள் அக்கா. "ஜன்னல்ல ஒண்ணும் தெரியல. பொய் சொன்னேன்."

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களில் ஒருத்தி கயிற்றைத் தாண்டி வந்து குழியின் ஓரத்தில் நின்றாள். அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். அத்தான் போவதற்கு வழி இருக்கவில்லை. போகச் சொல்லவும் யாரும் இல்லை.

கடல் வடிகிற நேரம் அது. வாய்க்காலில் தேங்கிக் கிடந்த தண்ணீர் மதகின் அடியில் மெல்ல நகர்ந்து, தோண்டிய கறுப்புச் சேற்றுக்குள் இறங்கிப் போனது. கோந்து சேற்றில் மண்டியிட்டுச் சக்கரத்தைத் தொட்டாள். டியூப் அவள் கையிலேயே துண்டு துண்டாக உதிர்ந்தது.

"சரி" என்றாள், யாருக்கும் கேட்காதபடி. "இனிமே தூங்குங்க."